கோயில் பக்கத்து நிலம்: நகராட்சியிடம் குத்தகைத் தாளும் கவுன்சில் தீர்மானமும் வாங்குவது எப்படி?

கொடிமரம்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் உள்ள ஒரு கோயில் சங்கத்துக்காகக் கேட்கிறேன். கோயில் நிற்கும் மனையும் அதை ஒட்டிய திறந்த வெளியும் 1970-களில் அப்போதிருந்த டவுன் கவுன்சில் குத்தகைக்குக் கொடுத்தவை. காவடிக்கும் தேருக்கும் அந்த வெளிதான் இடம். அதை இப்போது ஒரு தனியார் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சங்கத்திடம் இருப்பது பழைய குத்தகையின் முதல் இரண்டு பக்க நகல் மட்டும். வரைபடமும் இல்லை, நிபந்தனைகள் உள்ள பக்கமும் இல்லை.

நகராட்சியிடம் இருக்கும் தாள்களைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு என்பது தெரியும். எந்த ஃபார்ம், யாரிடம் கொடுப்பது, எவ்வளவு செலவு, எத்தனை நாள், மறுத்தால் என்ன வழி? வார்டு கவுன்சிலர் ஒரு கடிதம் தருகிறேன் என்கிறார், அது போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்தான்:

இது ரொம்ப சுலபம் நண்பரே. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டால் 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். அவசரம் என்றால் 48 மணி நேரம்.

கரும்பாலை:

சேலத்தான் தம்பி, நீங்கள் சொல்வது இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 48 மணி நேரம்கூட உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்து என்கிற தகவலுக்குத்தான். தென்னாப்பிரிக்காவில் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு தகவல் உரிமையைத் தருகிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம், அதாவது தகவல் அணுகல் ஊக்குவிப்புச் சட்டம், பேச்சு வழக்கில் பி.ஏ.ஐ.ஏ. இங்கே வெள்ளைத் தாள் செல்லாது, ஃபார்ம் உண்டு. 48 மணி நேரம் என்ற பேச்சே கிடையாது.

கொடிமரம் ஐயா, கவுன்சிலர் கடிதம் கெடுதல் இல்லை, ஆனால் அதற்குக் கெடு நாள் கிடையாது. பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. சட்டப்படி கேட்ட கடிதத்துக்குத்தான் நாள்கணக்கு ஓடும்.

ஆனால் ஃபார்மை எடுப்பதற்கு முன்னால் இலவசமாகவோ சில்லறைச் செலவிலோ கிடைப்பதை எடுத்து முடித்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில் பாதி பதில் நகராட்சியில் இல்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டப்படி 10 ஆண்டும் அதற்கு மேலும் உள்ள குத்தகையை நிலத்தின் பத்திரத்தின் மேல் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் முதல் 10 ஆண்டுக்குப் பிறகு நிலத்தை விலைக்கு வாங்கும் மூன்றாம் ஆளை அது பொதுவாகக் கட்டாது. அவருக்குக் குத்தகை பற்றி முன்பே தெரிந்திருந்தால் கதை வேறு. உங்கள் பழைய குத்தகை பதியப்பட்டிருந்தால் முழு நகலும் வரைபட எண்ணும் பதிவு அலுவலகத்திலேயே கிடைக்கும், நகராட்சியைக் கெஞ்ச வேண்டியதில்லை. பத்திரப் பதிவேடு பொது ஆவணம். கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அங்கே போகும்போது தெரு முகவரியோடு போகாதீர்கள். பதிவேடு தெருப் பெயரில் இல்லை. மனை எண், டவுன்ஷிப் பெயர், பதிவுப் பிரிவு இவற்றில் இருக்கிறது. உங்களிடம் உள்ள இரண்டு பக்கத்தில் நில விவரணை என்று ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும், அதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். மனை பின்னால் பிரிக்கப்பட்டிருந்தால் எண் மாறியிருக்கும். அப்போது சர்வேயர் ஜெனரல் (அரசு நில அளவை) அலுவலக வரைபடத்தில் தாய் மனை எண்ணைப் பிடித்து வர வேண்டும்.

பத்திரத்தில் இன்னொன்றும் பாருங்கள். "வழிபாட்டுக்கு மட்டும்", "பொது வெளியாக மட்டும்" என்ற மாதிரி நிபந்தனை அதில் எழுதியிருந்தால், வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான்.

மெரிபாங்க்_அக்கா:

கரும்பாலை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகராட்சி தானாகவே வெளியே போட வேண்டிய தாள்கள் உண்டு. 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 75-ஆம் பிரிவு: பட்ஜெட், ஆண்டறிக்கை, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கொள்முதல் ஒப்பந்தங்கள், சேவை ஒப்பந்தங்கள், விற்ற சொத்துகளின் பட்டியல் எல்லாம் இணையதளத்தில் இருக்க வேண்டும். கவுன்சிலில் வைத்ததிலிருந்து 5 நாளுக்குள், அல்லது பொதுவில் வைக்க வேண்டிய நாளிலேயே, எது முந்தியதோ அதற்குள் ஏற்றியாக வேண்டும். நகராட்சி அமைப்புச் சட்டம் 21ஏ பிரிவுப்படி, பொதுவில் வைக்க வேண்டியதைத் தலைமை அலுவலகத்திலும் கிளை அலுவலகங்களிலும் நூலகங்களிலும் காட்சிக்கு வைக்கணும். நூலகத்தில் போய்க் கேட்டால் பல இடத்தில் கவுன்டருக்குப் பின்னால் கட்டாக இருக்கும், கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பாங்க.

கவுன்சில் கூட்ட மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு) உங்களுக்கு மிக முக்கியம். நிலத்தை விற்பதாக இருந்தால் அதே நிதிச் சட்டத்தின் 14(2) பிரிவு கட்டுப்படுத்தும். அந்தச் சொத்து அடிப்படைச் சேவைக்குத் தேவையில்லை என்று கவுன்சில் முடிவெடுக்கணும், சந்தை விலையையும் அந்தச் சொத்துக்குப் பதிலாகக் கிடைக்கப்போகும் பொருளாதார, சமூகப் பலனையும் எடைபோடணும், அதுவும் *பொதுமக்களுக்குத் திறந்த கூட்டத்தில்*. "மூடிய கூட்டத்தில் பேசினோம், மினிட்ஸ் தரமுடியாது" என்று சொன்னால் பிரச்சினை அவர்களுக்குத்தான்.

குத்தகை என்றால் 14-ஆம் பிரிவு நேராகப் பொருந்தாது. 2008-இல் வந்த சொத்து மாற்ற விதிகள்தான் பேசும். 3 ஆண்டுக்கு மேற்பட்ட உரிமை, சொத்தின் மதிப்பும் 1 கோடி ராண்டுக்கு மேல் என்றால் மக்கள் கருத்துக் கேட்டபிறகுதான் கொடுக்கலாம். அந்த மதிப்புக்குக் கீழே என்றால் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் கவுன்சிலின் கொள்கை அளவிலான ஒப்புதல் வேணும். ஆகவே நிலத்தின் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்காமல் விடாதீங்க. மதிப்பைக் குறைச்சுக் காட்டினாலே மக்கள் கருத்துக் கேட்கும் கட்டாயம் போய்விடும்.

கரும்பாலை:

அக்கா சொன்னது சரி. இனி ஃபார்ம்.

எடுக்க வேண்டியது ஃபார்ம் 2. 2021 ஆகஸ்ட் விதிகளோடு வந்தது அது. பழைய "ஃபார்ம் ஏ" இன்னும் சில நகராட்சி இணையதளங்களில் தொங்குகிறது, அதில் எழுதிக் கொடுத்து முதல் மாதத்தை வீணாக்க வேண்டாம். தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் புது ஃபார்ம் இருக்கிறது.

கொடுக்க வேண்டியது தகவல் அதிகாரியிடம். நகராட்சியில் அது முனிசிபல் மேனேஜர். நடைமுறையில் துணைத் தகவல் அதிகாரி ஒருவர் பார்ப்பார். அவருடைய மின்னஞ்சலும் முகவரியும் பி.ஏ.ஐ.ஏ. கையேட்டில் இருக்கும். பி.ஏ.ஐ.ஏ.-வின் 14-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு பொது அமைப்பும் குறைந்தது மூன்று அதிகாரமொழிகளில் அந்தக் கையேட்டை வைத்திருக்க வேண்டும். நிலப் பிரிவு குமாஸ்தாவிடமோ, வாடிக்கையாளர் சேவைக் கவுன்டரிலோ கொடுத்தால் தாள் எங்கோ ஒரு தட்டில் தூங்கும். கொடுத்ததற்குச் சாட்சியும் இருக்காது.

ஃபார்மில் எல்லாரும் வழுக்குகிற இடம் இரண்டு. ஒன்று, "எந்த உரிமையைப் பாதுகாக்கக் கேட்கிறீர்கள்" என்ற பகுதி. தனியார் கம்பெனியிடம் கேட்பதற்கும் பொது அமைப்பிடம் கேட்பதற்கும் ஒரே ஃபார்ம்தான், அதனால்தான் அந்தக் கேள்வி அங்கே நிற்கிறது. தனியாரிடம் கேட்டால் அதை விளக்கியே ஆக வேண்டும். நகராட்சியிடம் கேட்டால் தேவையில்லை. 11(3) பிரிவுப்படி நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பதோ, ஏன் கேட்கிறீர்கள் என்று அதிகாரி நினைக்கிறார் என்பதோ முடிவைப் பாதிக்கக் கூடாது. "பொது அமைப்பு, பிரிவு 11" என்று ஒரு வரி போதும். அங்கே கோயில் வரலாறும் கம்பெனி மேல் உள்ள கோபமும் எழுதிப் பக்கத்தை நிரப்பினால் அதிகாரி உஷாராவாரே தவிர வேறு பயன் இல்லை.

இன்னொன்று தாளின் விவரணை. பெரும்பாலான மனுக்கள் சாவது இங்கேதான். "கோயில் நிலம் சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் 45-ஆம் பிரிவு காத்திருக்கிறது: அலுவலக வேலையை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் கோரிக்கை என்று தள்ளலாம். "ஏன் இந்தக் கம்பெனிக்குக் கொடுத்தீர்கள்?" என்று எழுதினால் அது தாள் கேட்பதே இல்லை. இந்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கும் பதிவைக் கொடுக்கச் சொல்கிறது, கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் இப்படி எழுதுவேன் (ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்):

> மனை எண் ____, டவுன்ஷிப் ____, பதிவுப் பிரிவு ____ தொடர்பாக:
> (அ) 1970 ஜனவரி முதல் 1980 டிசம்பர் வரை இந்த மனையைக் கோயில் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்ட கவுன்சில் தீர்மானம், அதற்கு முன்வைக்கப்பட்ட அறிக்கை;
> (ஆ) கையொப்பமிட்ட குத்தகை ஒப்பந்தம், எல்லா இணைப்புகளோடும் வரைபடங்களோடும்; பின்னர் செய்த புதுப்பிப்பும் திருத்தமும்;
> (இ) இந்த மனையை அல்லது அதன் பகுதியை விற்கவோ குத்தகைக்கு விடவோ கடந்த 36 மாதங்களில் கவுன்சிலுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் வைக்கப்பட்ட அறிக்கைகள், அஜெண்டா உருப்படிகள், மினிட்ஸ்;
> (ஈ) அதே காலத்தில் செய்த நில மதிப்பீட்டு அறிக்கை;
> (உ) மக்கள் கருத்துக் கேட்ட அறிவிப்பு, வந்த கருத்துகளின் பட்டியல்.
> மறுக்கத்தக்க பகுதி ஏதேனும் இருந்தால் 28-ஆம் பிரிவுப்படி அதை மட்டும் மறைத்து மீதியைத் தருக.

அந்தக் கடைசி வாக்கியத்தை விடவே கூடாது. இல்லாவிட்டால் ஒரு பத்தி இரகசியம் என்று 40 பக்க அறிக்கையையே மூடுவார்கள்.

(அ), (ஆ) ஒரு மனுவாகவும் (இ) முதல் (உ) வரை இன்னொரு மனுவாகவும் பிரித்துப் போடுவது நல்லது. பழைய தாள் தேட நாளாகும். ஒன்றாகப் போட்டால் அந்தக் காரணத்தையே சொல்லிப் புதிய தாளையும் இழுத்தடிப்பார்கள். மனுக் கட்டணம் இரண்டு தடவை போகும், போகட்டும்.

சங்கத்தின் பெயரில் போடுவதால் கையொப்பமிடுபவரின் அடையாள அட்டை நகலும், அவருக்கு அதிகாரம் கொடுத்த நிர்வாகக் குழுத் தீர்மானமும் கூடவே வைக்க வேண்டும். ஃபார்மே அதைக் கேட்கிறது. சங்க விதிமுறை நகலும் சேர்த்துவிடுங்கள்.

கொடிமரம்:

மிக்க நன்றி ஐயா, அக்கா. செலவு எவ்வளவு வரும்? சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவர்கள் சிலர் தங்கள் பெயரிலேயே கேட்க விரும்புகிறார்கள், தமிழில் கொடுக்கலாமா?

மெரிபாங்க்_அக்கா:

மனுக் கட்டணம் 100 ராண்டு. அது கட்டாமல் மனுவைப் பார்க்கமாட்டாங்க. தன்னைப் பற்றிய தகவலையே கேட்கிறவருக்கு (தன் தண்ணீர்க் கணக்கு, தன் ரேட்ஸ் என்கிற சொத்து வரிக் கணக்கு மாதிரி) மனுக் கட்டணம் கிடையாது. உங்களுடையது அப்படி இல்லை, கட்டியாகணும்.

அப்புறம் ஏ4 நகல் பக்கத்துக்கு 1.50 ராண்டு. தேடுவதற்கு மணிக்கு 100 ராண்டு, முதல் மணி நேரம் இலவசம், மொத்தத்தில் 300-க்கு மேல் வாங்கக் கூடாது. உதாரணத்துக்கு 86 பக்கம், 3 மணி நேரத் தேடல் என்றால்: 129 + 200 + மனுவுக்கு 100 = 429 ராண்டு. தேடல் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கேட்கலாம். பக்கம் நிறைய இருந்தால் நீங்களே ஃபிளாஷ் டிரைவ் கொண்டுபோங்க, அதில் ஏற்றித் தர 40 ராண்டுதான். பெரிய வரைபடமாக இருந்தால் முதலில் "நேரில் பார்வையிட" என்று கட்டத்தில் குறியுங்கள். பார்த்துவிட்டு எந்தப் பக்கம் வேணுமோ அதை மட்டும் நகலெடுக்கலாம். தேவையில்லாத 200 பக்கத்துக்குக் காசு கட்டுவானேன்?

வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு: தனியாள் என்றால் ஆண்டுக்கு 14,712 ராண்டு வரை, தம்பதிக்கு 27,192 வரை. 2005-இல் போட்ட எண். இன்றைய விலைவாசியில் அது யாருக்கு உதவும் என்று கேட்காதீங்க.

தமிழில் கொடுத்தால் வாங்கமாட்டாங்க. அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கு, ஆனால் மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளின் வரிசையில்தான், அதிகாரமொழிகளின் வரிசையில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு 18(3) பிரிவு இருக்கு. அவங்க வாய்மொழியாகச் சொல்லலாம், தகவல் அதிகாரி அதை ஃபார்மில் எழுதி ஒரு நகலைக் கையில் கொடுக்கணும். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருத்தர் கூடப் போங்க. ஃபார்மில் ஏதாவது குறை இருந்தால்கூட, குறை என்னவென்று சொல்லி, சரிசெய்ய உதவி, வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் மறுக்கலாம். அது 19-ஆம் பிரிவு.

கொடுக்கும்போது ஃபார்மின் "அலுவலக உபயோகத்துக்கு" என்ற பெட்டியில் குறிப்பு எண், வாங்கியவர் பெயர், தேதி, முத்திரை போடச் சொல்லி உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்க. மின்னஞ்சலில் அனுப்பினால் கட்டண ரசீதையும் அதே மடலில் இணையுங்க. ரசீது தனியாகப் போனால் "கட்டணம் வரவில்லை, நாள்கணக்கே ஆரம்பிக்கவில்லை" என்பாங்க.

தாள்கட்டு:

பழைய தீர்மானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2000 டிசம்பர் தேர்தலோடு பழைய நகர நிர்வாகங்களான பரோக்கள், டவுன் போர்டுகள் எல்லாம் இன்றைய நகராட்சிகளில் கரைந்தன. அந்தக் காலத்துக் கோப்புகள் எல்லாம் புது நகராட்சிக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தன என்று எண்ண வேண்டாம். சில கிளை அலுவலகத்தின் அடித்தளத்தில் இருக்கும். சில பீட்டர்மாரிட்ஸ்பர்க் அல்லது டர்பன் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும். குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த இனப் பகுதிச் சட்டக் காலத்தில் இந்தியர் பகுதியில் ஒதுக்கிய வழிபாட்டு மனை என்றால் இன்னொரு சிக்கல்: நிலம் நகராட்சியுடையதாக இல்லாமல் சமூக மேம்பாட்டுத் துறையுடையதாக இருந்திருக்கலாம். 1984-க்குப் பிறகு நாடாளுமன்றத்தின் இந்தியர் சபை நிர்வாகத்துக்குக் கீழே வந்து, 1994-க்குப் பிறகு மாகாண வீட்டு வசதித் துறைக்குப் போன கோப்புகளும் உண்டு. தவறான இடத்தில் கேட்டுவிட்டால் அது முழு நஷ்டம் இல்லை. 20-ஆம் பிரிவுப்படி கையில் இல்லாத தாளுக்கான மனுவை 14 நாளுக்குள் சரியான அமைப்புக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

காப்பகத்துக்குப் போகும் முன் தேசியக் காப்பகத்தின் இணையத் தேடல் நிரல் 'நாய்ர்ஸ்' இருக்கிறது, அதில் தேடுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தின் குறி 'என்.ஏ.பி.' தேடலில் கிடைக்கும் வரியில் காப்பகம், மூலம், வகை, தொகுதி எண், கோப்பு எண் என்று துண்டு துண்டாக வரும். ஒன்றும் விடாமல் முழுவதும் எழுதிக்கொண்டு போங்கள். தொகுதி எண் மட்டும் சொன்னால் பெட்டியை எடுக்கமாட்டார்கள். காப்பகத்தில் 20 ஆண்டுக்கு மேற்பட்ட தாள் பொதுவாகத் திறந்தே இருக்கும், ஃபார்ம் 2 வேண்டியதில்லை. பென்சில் கொண்டுபோங்கள், பேனா உள்ளே விடமாட்டார்கள்.

தேடும்போது கோயிலின் இன்றைய பெயரை மட்டும் போட்டால் ஒன்றும் வராது. அக்காலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். சுப்ரமணியர் ஆலயம் 'சூப்ரமோனியர்' என்றும் 'சுப்ரமனி' என்றும் இருக்கும், பல இடத்தில் வெறுமனே 'இந்து டெம்பிள் சைட்' என்றிருக்கும். மனை எண்ணையும் தெருப் பெயரையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். சங்கத்தின் அந்தக் காலத்துப் பெயர் வேறாக இருந்திருந்தால் அதையும்.

நகராட்சி "தேடினோம், காணவில்லை" என்றால் அந்தக் கடிதத்தோடு திரும்பிவிடாதீர்கள். 23-ஆம் பிரிவுப்படி, எங்கெங்கே தேடினார்கள், யார் தேடினார், யாரிடம் விசாரித்தார் என்பதைத் தகவல் அதிகாரி பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். அஃபிடவிட் கேட்ட பிறகு கோப்பு கிடைத்துவிடுவது அதிசயமே இல்லை. "அழித்துவிட்டோம்" என்றால் அழிக்க அனுமதி கொடுத்த காப்பக அதிகாரியின் உத்தரவு எண்ணையும் அழிப்புச் சான்றிதழையும் கேளுங்கள். அனுமதி இல்லாமல் அரசுப் பதிவை அழிக்கக் கூடாது. உரிமையை மறுக்கும் எண்ணத்தோடு அழித்தாலோ திருத்தினாலோ மறைத்தாலோ 90-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. மனு நிலுவையில் இருக்கும்வரை தாளைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே, அது 21-ஆம் பிரிவு.

கொடிமரம்:

தாள்கட்டு ஐயா, இது பெரிய உதவி. கடைசியாக ஒன்று. கம்பெனி சம்பந்தப்பட்டது வணிக இரகசியம் என்று மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ?

கரும்பாலை:

பதில் வராததும் மறுப்புத்தான், 27-ஆம் பிரிவு அப்படியே சொல்கிறது. நாள்கணக்கு இப்படி: மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாள். வேலை நாள் அல்ல, காலண்டர் நாள், சனி ஞாயிறும் சேர்த்து. முதல் நாளை விட்டு எண்ணணும். கடைசி நாள் ஞாயிறோ பொது விடுமுறையோ என்றால் அடுத்த நாள். மார்ச் 3-இல் முத்திரை வாங்கினால் ஏப்ரல் 2 கெடு. இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம், ஒரே முறை. அந்த அறிவிப்பும் முதல் 30 நாளுக்குள் காரணத்தோடு உங்கள் கைக்கு வர வேண்டும். 35-ஆம் நாள் வந்து "நீட்டிக்கிறோம்" என்றால் செல்லாது.

உங்கள் விஷயத்தில் ஒரு நியாயமான தாமதம் வரும். கம்பெனி கொடுத்த தகவல் தாளில் இருந்தால், மூன்றாம் தரப்பு என்று அவர்களுக்கு 21 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் ஆட்சேபிக்க 21 நாள் உண்டு. ஆகவே (இ) பகுதிக்கு 30 நாளில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மனுக்களைப் பிரிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வணிக இரகசியம் என்ற மறுப்பு 36-ஆம் பிரிவு. கம்பெனியின் வங்கிக் கணக்கு, அவர்கள் உள்ளே போட்ட லாபக் கணக்கு இவற்றை மறைப்பது நியாயம், அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் நகராட்சிக்கு எவ்வளவு வாடகை, எத்தனை ஆண்டு என்பதை மறைப்பது கஷ்டம். டிரான்ஸ்நெட் - எஸ்.ஏ. மெட்டல் வழக்கில் 2005-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தம் கொடுத்து முடிந்த பிறகு பொதுப்பணம் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை உண்டு என்ற நிலையை எடுத்தது. மேல்முறையீட்டில் அதை ஒரு வரி குறிப்பிடுங்கள். மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் மறுப்பவருடையதே.

மேல்முறையீடு ஃபார்ம் 4. நகராட்சிக்கு இது கட்டாயப் படி, தாண்டிப் போக முடியாது. 60 நாளுக்குள் போட வேண்டும். மூன்றாம் தரப்புக்கு அறிவிப்புப் போன விஷயம் என்றால் 30 நாளுக்குள். பத்திரமாக இருக்க 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பது அதே தகவல் அதிகாரியிடம். அவர் 10 வேலை நாளுக்குள் மேயர், சபாநாயகர், அல்லது கவுன்சில் நியமித்தவருக்கு அனுப்ப வேண்டும். அவர் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

அங்கேயும் நடக்காவிட்டால் ஃபார்ம் 5-இல் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, 180 நாளுக்குள். 2021 ஜூன் 30 முதல் இந்தச் சட்டத்தைப் பார்ப்பது அவர்கள்தான், அதற்கு முன்னால் மனித உரிமை ஆணையம். செலவு இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆணையத்தின் அமலாக்க அறிவிப்பை மீறுவது குற்றம், 3 ஆண்டு வரை சிறை. நீதிமன்றத்துக்குப் போவதற்கும் 180 நாள். முன்பு 30 நாள்தான் இருந்தது, பிரமர் வழக்கில் 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது போதாது என்று நீக்கியது.

இப்போது கவனமாகப் படியுங்கள். தாள் வாங்கும் ஓட்டத்தில் முடிவையே எதிர்க்கும் கெடுவைத் தவறவிட்டுவிடுவார்கள். கம்பெனிக்குக் கொடுத்த முடிவைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள், நிர்வாக நீதிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி எழுத்தில் காரணம் கேளுங்கள். அது தனிக் கடிதம், ஃபார்ம் 2-இல் சேராது. அவர்களுக்கும் பதில் சொல்ல 90 நாள். காரணம் தராவிட்டால், நல்ல காரணம் இல்லாமல் எடுத்த முடிவு என்று சட்டமே அனுமானிக்கும், மறுத்துக் காட்டுவது அவர்கள் வேலை. முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க "நியாயமற்ற தாமதம் இல்லாமல், 180 நாளுக்குள்" என்ற கெடுவும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பி.ஏ.ஐ.ஏ. மனு நிலுவையில் இருப்பதால் அது நிற்காது.

இன்னொரு பொறி: வழக்குப் போட்ட பிறகு அதே வழக்குக்காக பி.ஏ.ஐ.ஏ.-வில் தாள் கேட்க முடியாது, 7-ஆம் பிரிவு தடுக்கிறது. அப்போது நீதிமன்ற விதிகளின் 53-ஆம் விதிப்படி முடிவின் முழுப் பதிவையும் நகராட்சி நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். ஆகவே ஃபார்ம் 2 முதலில்.

மெரிபாங்க்_அக்கா:

ஒரு சின்னச் சேர்க்கை. திறந்த வெளியில் மழைநீர் வடிகால் குழாய் போனால் அதன் வரைபடத்தையும் கேளுங்க, நகராட்சியின் வடிகால் பிரிவில் இருக்கும். குழாயின் மேல் கட்டடம் கட்ட முடியாதபடி பத்திரத்தில் ஒதுக்கீட்டு உரிமை பதிவாகியிருந்தால், கம்பெனி கேட்கிற பரப்பில் ஒரு பட்டை அப்படியே கழியும். அதைக் கழித்தார்களா என்று மதிப்பீட்டு அறிக்கையோடு ஒத்துப் பாருங்க. நில உபயோகத் திட்ட வரைபடத்தையும் பார்த்துடுங்க. அந்த மனை "பொது வெளி" என்றோ "வழிபாடு" என்றோ குறித்திருந்தால், கம்பெனிக்கு வேற உபயோகம் வேணும்னா முதலில் அதை மாற்ற விண்ணப்பிக்கணும். அந்த விண்ணப்பம் வந்திருக்கா என்று திட்டப் பிரிவிலேயே இந்த வாரம் கேட்டுடுங்க. வந்திருந்தால் ஆட்சேபணை கெடு இந்நேரம் ஓட ஆரம்பிச்சிருக்கும்.